பட்டாளத்து அப்பாருவின் டிரங்குப் பெட்டி: முதலில் பிராசோவை ஒளித்து வையுங்கள்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் சில வீடுகளில் ஒரே மனிதருடைய சாமான்கள் இரண்டு இடத்தில் கிடக்கும். அட்டாலியில் பட்டாளத்து டிரங்குப் பெட்டி. தொண்டுப்பட்டி (மாடு அடைக்கும் இடம்) ஓரத்துக் கொட்டகையில் மணி, கொப்பி (கொம்பு நுனியில் மாட்டும் குப்பி), சாட்டை, லாடம். பதினைந்து வருஷம் பட்டாளம், பிறகு நாற்பது வருஷம் கொரங்காட்டில் (முள்வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மாடு, கடைசியில் வீட்டுக்கே பெரியவர் என்று வாழ்ந்து முடித்தவர்கள் விட்டுப்போனவை இவை. அவர் போன பிறகு, கருமாதிக்கும் வருஷத் திதிக்கும் நடுவில் இந்தச் சாமான்களுக்கு ஏற்படும் சேதம் அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தில் ஏற்பட்டிருக்காது. எல்லாம் பாசத்தில் செய்வதுதான். பதக்கத்தைப் பிராசோ என்ற உலோக பாலிஷ் போட்டுத் துலக்குவார்கள், பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை லேமினேட் செய்வார்கள், பெட்டிக்குப் புது எனாமல் அடிப்பார்கள், மூன்று மகன்களுக்கு ஆளுக்கொரு மெடல் என்று பங்கு வைப்பார்கள். இந்த நான்கையும் தடுத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

பெட்டியைத் திறக்கும் நாள்

உள்ளே இருப்பதை வெளியே எடுக்கும் முன், மூடியைத் திறந்ததும் மேலிருந்து ஒரு படம். ஒவ்வொரு அடுக்கு எடுத்த பிறகும் ஒரு படம். எது எதோடு சேர்ந்து இருந்தது என்பதே ஒரு தகவல். கோட்டுப் பைக்குள் இருந்த ரயில் சீட்டைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் பிறகு அது வெறும் ரயில் சீட்டு.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். பென்சிலால் எழுதிய அட்டைத் துண்டை வெள்ளைப் பருத்தி நூலில் கட்டவும். ஸ்டிக்கர், செலோடேப், ரப்பர் பேண்ட் மூன்றும் வேண்டாம். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். இரண்டு கோடையில் ரப்பரே உருகித் தாளோடு ஒட்டும். பதிவேட்டில் எண், பொருள், எங்கே இருந்தது என்பவற்றோடு “யார் சொன்னது” என்று ஒரு பத்தி அவசியம். அது ஏன் என்பது பின்னால் வரும்.

தோட்டா கிடைத்தால் தொடாதீர்கள். வெடித்ததா வெடிக்காததா என்று ஆராய்ச்சி செய்யாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிடுவதே சரி. லைசன்ஸ் துப்பாக்கி இருந்தால், உரிமம் வைத்திருந்தவர் இறந்ததும் ஒப்படைக்க வேண்டும். சுவரில் மான்கொம்பு மாட்டியிருந்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்று இருக்கிறதா என்று பார்க்கவும். அவர் நினைவாக அச்சிடும் மலரின் அட்டைக்கு அந்தக் கொம்பைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு அப்புறம் யோசிப்பவர்கள் உண்டு.

பதக்கங்கள்

இந்திய விடுதலைக்குப் பிறகு வந்த பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பொறித்திருக்கும். எழுத்தின் ஆழம் நகத்தில் தட்டுப்படும் அளவுதான். பிராசோவில் மெருகுத்தூள் கலந்திருக்கிறது. வருஷம் ஒருமுறை குடியரசு தினத்துக்குத் துலக்கிய பதக்கத்தில் முதலில் போவது இந்த எழுத்துத்தான்.

மங்கிய விளிம்பைப் படிக்க ஒரு வழி: இருட்டறையில் பதக்கத்தைக் கறுப்புத் துணிமேல் நிறுத்தி, டார்ச்சை விளிம்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்துப் பிடிக்கவும். நேராக அடித்தால் வெறும் பளபளப்புத்தான் தெரியும். சாய்த்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எட்டுப் படம் எடுத்தால் சுற்று முழுவதும் வந்துவிடும். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அப்படியே பதியுங்கள். படையினரின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸில் அந்தப் பிழையோடுதான் அவர் இருக்கிறார்.

இரண்டாம் உலகப்போர் நட்சத்திரப் பதக்கங்கள் இந்தியப் படையினருக்குப் பின்புறத்தில் பெயர் பொறித்தே வந்தன. ஆறு முனை நட்சத்திரம், அதன் நாடாவில் நடுவே சிவப்பு, இருபுறமும் கருநீலம், ஒவ்வொரு கருநீலத்தின் நடுவிலும் ஓர் ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா ஸ்டார். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் மூன்றும் சம அகலம் என்றால் 1939-45 ஸ்டார். பின்புறத்துப் பெயர் தேய்ந்துபோயிருந்தால், இவை அவருடையவைதான் என்பதற்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள பதக்க வரிதான் சாட்சி. அந்தப் பக்கத்தின் படமும் பதக்கமும் ஒரே எண்ணில் இருக்கட்டும்.

இனி சுத்தம் செய்வது. புளி கூடவே கூடாது. நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை. புளியின் அமிலம் மேல்பரப்பிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துச் செம்பை விட்டுவைக்கும். துலக்கிய அன்று பளிச்சென்று இருப்பது பிறகு திட்டுத்திட்டாக இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைத் திருப்ப முடியாது. புளியோடு உப்பும் சேர்த்துத் தேய்த்திருந்தால் இன்னும் மோசம். உப்பின் குளோரைடு உலோகத்துக்குள் தங்கி, ஈரம் பட்டபோதெல்லாம் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். கெட்டியான கரும்பச்சைப் படலம் பயப்பட வேண்டியதில்லை. துடைத்த பிறகும் வாரத்துக்குள் திரும்பி வரும் பொடிதான் நோய். அந்தப் பதக்கத்தைத் தனி டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும்.

செய்யத் தக்கது இவ்வளவுதான்: நாடாவைக் கழற்றவும், மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டவும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் எண்ணெய்ப் பிசுக்கை ஒற்றி எடுக்கவும். பச்சை கட்டிய இடத்தில் மூங்கில் பல்குச்சி போதும், ஊசி வேண்டாம். பழைய பிராசோ எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அதுவும் பல்குச்சிக்கு வந்துவிடும். நாடாவைத் துவைக்கக் கூடாது, சிவப்பு இறங்கி வெள்ளையில் ஏறும். நைந்துபோயிருந்தால் புது நாடா வாங்கிப் பதக்கத்தில் கோத்து, பழையதைச் சுருட்டாமல் பக்கத்தில் வைக்கவும்.

பங்கு வைக்கும் பேச்சு வந்தால் ஒன்றைச் சொல்லலாம்: ஒரே கம்பியில் கோத்த வரிசை ஒருவருடைய சர்வீஸ் முழுவதையும் சொல்லும், பிரித்தால் ஒவ்வொன்றும் வெறும் வட்டம். செட் ஒரே வீட்டில் இருக்கட்டும், மற்றவர்களுக்கு நல்ல படம் எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுக்கலாம்.

காகிதம்

முதலில் உயிருள்ளவர்களின் வேலை. பென்ஷன் ஆணையின் அசல் அப்பத்தாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டும். அதை நினைவுப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்கும்போது தேடக் கூடாது. நகல் மட்டும் பெட்டிக்கு.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஊதா ரப்பர் ஸ்டாம்பும் பேனா மையும் நீரில் கரைபவை. ஈரத்துணியால் துடைத்தால் ஒரே இழுப்பில் தேதி போய்விடும். உலர்ந்த பிரஷ் மட்டும் போதும். துருப்பிடித்த ஸ்டேப்ளைப் பிடுங்காமல், பின்பக்கத்துக் கால்கள் இரண்டையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, முன்பக்கமிருந்து தூக்கவும். அதே ஓட்டைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டலாம்.

லேமினேஷனை எதிர்க்கக் காரணம்: நூறு டிகிரிக்கு மேல் சூட்டில் பசை நூலிழைக்குள் உருகி ஏறுகிறது. திரும்ப எடுக்க முடியாது. ஓரம் பிரிந்தால் அந்த வழியாக ஈரம் ஏறி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே பூஞ்சை கட்டும். பதிலுக்கு, மூன்று பக்கம் திறந்த தெளிவான உறை போதும். ஆனால் கடையில் கிடைக்கும் உறையில் பாதி பிவிசி. அது காலப்போக்கில் அமில ஆவி விடும், மையைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் வெளியே காற்றோட்டத்தில் ஒரு சோதனை: செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உறையின் ஒரு மூலையைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டவும். தீ பச்சையாக எரிந்தால் பிவிசி. பாலிபுரோப்பிலீன், பாலியஸ்டர் உறைகளுக்குப் பச்சை வராது.

படங்கள்

பட்டாளத்தில் ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் பெரும்பாலும் கூடத்தில் மாலையோடு தொங்கும். அதற்கு வரும் ஆபத்து சந்தனமும் குங்குமமும். கண்ணாடிமேல் வைக்கும் ஈரச்சந்தனம் வழிந்து கீழ்ச்சட்டத்தின் காடிக்குள் இறங்கும். அங்கே தேங்கும் ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் கீழோரத்தில் படம் எண்ணெய் பட்டது போலப் பளபளவென்று திட்டாகத் தெரிந்தால் ஒட்டியாகிவிட்டது. மேலிருந்து சீரியல் பல்பு சூடு வேறு. பின்பக்கத்து அட்டை இராமபாணப் பூச்சிக்கு விருந்து.

ஒட்டிய படத்தை உரிக்க வேண்டாம்; முகம்தான் முதலில் கிழியும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். பெரிதாக இருந்தால் திண்ணை நிழலில் வைத்து, கேமராவுக்குப் பின்னால் ஒருவர் கறுப்புப் போர்வையை விரித்துப் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். அஞ்சலட்டை அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200. டிஃப் கோப்பாக ஒன்று, அதைத் தொடாமல் அதிலிருந்து ஜேபெக். படத்தின் முதுகையும் ஸ்கேன் செய்யவும். ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும். முதுகில் எழுதுவதென்றால் ஓரத்தில் 2பி பென்சில், அழுத்தாமல். பால்பாயின்ட் எழுத்து முகத்தில் புடைத்துத் தெரியும்.

சந்தனத்துக்கும் மாலைக்கும் நகலை மாட்டுங்கள். அசல் பெட்டியில் படுத்த நிலையில் இருக்கட்டும். கணினியில் வண்ணம் ஏற்றிய படத்தை மலரில் போடுவதானால் கீழே “வண்ணம் பின்னர் ஏற்றியது” என்று ஒரு வரி வேண்டும். அந்த நிரலுக்குச் சட்டைக் காலரின் நிறமோ நாடாவின் நிறமோ தெரியாது, ஊகித்துப் பூசிவிடும்.

மாட்டோடு நிற்கும் கறுப்புவெள்ளைப் படங்களைக் கூர்ந்து பார்க்கவும். காங்கயம் பொலிகாளைக்கு (இனவிருத்திக்கு விடும் காளைக்கு) திமில், முன்தொடை, பின்தொடை கருமை ஏறியிருக்கும். காயடித்த எருது ஒரே சாம்பல். ஆகவே படத்தில் நிற்பது பொலிகாளையா வண்டி எருதா என்று நிறமில்லாமலே சொல்லிவிடலாம். கன்று கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் வேறு இனம் என்று முடிவு கட்ட வேண்டாம். காங்கயம் கன்று செந்நிறமாகப் பிறந்து ஆறு மாத வாக்கில்தான் சாம்பலாகும். பழைய ஃபிலிமில் செந்நிறம் கருத்தே விழும்.

கம்பளிக் கோட்டு

பூச்சி இருக்கிறதா என்று கழுத்துப்பட்டையின் அடியிலும் கைமடிப்பிலும் பார்க்கவும். ஓட்டையைவிட, மணல் போன்ற எச்சம்தான் உறுதியான அடையாளம். கொசுவலைத் துண்டை வேக்குவம் குழாய் வாயில் கட்டிக் குறைந்த வேகத்தில் உறிஞ்சி எடுத்த பின், கெட்டிப் பாலிதீன் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் 14 நாள். வீட்டு ஃபிரிட்ஜின் மேலறையில் கிரேட்கோட்டு கொள்ளாது. ஐஸ்கிரீம் கடை டீப் ஃபிரீசரில் இடம் கேட்க வேண்டியிருக்கும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட்டால் வியர்க்கும் ஈரம் பையின் வெளியே நிற்கும். உடனே பிரித்தால் அந்த ஈரம் கம்பளியில் இறங்கிப் பூஞ்சைக்கு வழி செய்யும்.

பித்தளைப் பொத்தான்களுக்கும் துணிக்கும் நடுவில் கஞ்சி போகத் துவைத்த பழைய மல் வேட்டித் துண்டு. அந்துருண்டையைவிடத் துணிமுடிச்சில் வசம்பு மேல், ஆனால் வசம்பு பூச்சியை அண்டவிடாது, உள்ளே இருப்பதைக் கொல்லாது. பச்சை வேப்பிலையைத் துணிமேல் நேராக வைத்தால் கறைதான் மிச்சம்.

மாட்டுச் சாமான்

பட்டாளச் சாமானுக்குக் கிடைக்கும் மரியாதை இதற்குக் கிடைப்பதில்லை. பழைய பித்தளை விலைக்கு எடைபோட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவர் வாழ்ந்த வருஷங்களில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

கழுத்துமணியில் முதல் வேலை சுத்தம் அல்ல, ஒலிப்பதிவு. வாரைப் பிடித்துத் தூக்கி, போனை ஒரு முழ தூரத்தில் வைத்து, மாடு நடக்கும் தாளத்தில் அரை நிமிஷம் ஆட்டவும். ஒவ்வொரு மணிக்கும் தனிக் குரல். கண்ணுக்குத் தெரியாத மாட்டைக் கொரங்காட்டில் தேடிப் பிடித்தது இந்தக் குரலை வைத்துத்தான். உள்ளே இருக்கும் நாக்கு தேய்ந்திருந்தால் புது இரும்பு மாட்டாதீர்கள், குரல் மாறிவிடும்.

தோல்வார் செம்பொடியாக உதிர்ந்தால் அது தோலுக்கு வரும் செந்நோய். பட்டை போட்டுப் பதனிட்ட பழைய தோலில் சாதாரணம். எல்லோரும் தேங்காய் எண்ணெய் தடவுவார்கள். அது பொடியைச் சேறாக்கும், சிக்குவாடை அடிக்கும், பூஞ்சைக்கும் எறும்புக்கும் தீனியாகும். கெமிக்கல் கடையில் ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் கிடைக்கும். 100 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 2 கிராமைத் தூவி, ஓர் இரவு மூடி வைத்தால் கஞ்சித் தண்ணீர் பதத்துக்கு வரும். பிரஷ்ஷால் ஒரே பூச்சு, தேய்க்காமல். நிறம் கொஞ்சம் கருக்கும், அதனால் வாரின் உட்பக்கத்தில் முதலில் பார்க்கவும். நோய் குணமாகாது, உதிர்வது நிற்கும். இறுகிய வாரை வளைத்து நேராக்க முயன்றால் அதே இடத்தில் ஒடியும்.

இரும்பில், அதாவது சூட்டுக்கோல், லாடம், வண்டிச் சங்கிலி போன்றவற்றில், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பித்தளை பிரஷ்ஷால் தளர்ந்த துருவை மட்டும் தட்டி எடுக்கவும். பிறகு 20 கிராம் தேன்மெழுகை 80 மில்லி டர்பன்டைனில் கரைத்துப் பூசி, காய்ந்ததும் துணியால் தேய்க்கலாம். கரைக்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு, இறக்கிய சுடுநீரில் கிண்ணத்தை வைத்துத்தான் செய்ய வேண்டும். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். ஓர் எருதுக்கு எட்டு லாடம், குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு. எட்டும் கிடைத்தால் தேய்ந்த வரிசையிலேயே கட்டி வைக்கவும்.

பெட்டி

மூடியில் வெள்ளை ஸ்டென்சிலில் எண், பதவி, பெயர், சில சமயம் ஊர் ரயில் நிலையத்தின் பெயரும் இருக்கும். இதன்மேல் எனாமல் அடித்துவிட்டால் தின்னர் போட்டு எடுக்கப் பார்க்காதீர்கள், இரண்டு அடுக்கும் சேர்ந்தே வரும். பதக்க விளிம்புக்குச் செய்தது போல டார்ச்சைப் படுக்க வைத்தால் பழைய எழுத்தின் தடிப்பு புதுப் பெயின்ட்டுக்கு அடியில் மேடாகத் தெரியும். அதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிட வேண்டியதுதான். அடிக்காத பெட்டிக்கு மேலே சொன்ன மெழுகே போதும்.

பேச்சும் எழுத்தும்

“போர் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் பதில் வராது. பொருளைக் கையில் கொடுத்துக் கேட்க வேண்டும். “ஏனுங்க அப்பத்தா, இந்த மணி எந்த மாட்டுக்குக் கட்டுனதுங்க?” என்றால் மாட்டில் தொடங்கி அவர் லீவில் வந்த மாசம், அந்த வருஷ மழை, விற்ற விலை என்று தானாக விரியும். மின்விசிறியை நிறுத்தவும், போனை ஏரோபிளேன் மோடில் போடவும், நாற்பது நிமிஷத்தோடு நிறுத்தவும். மாடு மேய்த்தவர்களையும் தவறாமல் பதியுங்கள். கொரங்காட்டுக் கதை வீட்டாரைவிட அவர்களிடம் அதிகம்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிராது. “பவானிசாகர் அணை கட்டி முடிச்சதுக்கு முன்னாலயா பின்னாலயா?”, “தனுஷ்கோடி புயலுக்கு அப்புறமா?” என்று கேட்டால் 1955க்கும் 1964 டிசம்பருக்கும் இரு பக்கமும் சம்பவங்கள் தாமாக ஒதுங்கும்.

மலருக்கு எழுதும்போதுதான் அந்த “யார் சொன்னது” பத்தி கைகொடுக்கும். 1965 ரக்ஷா மெடல் அந்தச் சமயம் படையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. சமர் சேவா ஸ்டார்தான் களப்பகுதியில் இருந்ததற்கான அடையாளம். 1971க்கும் இப்படியே: சங்ராம் மெடல் பொது, பூர்வி ஸ்டார் கிழக்குக் களம், பச்சிமி ஸ்டார் மேற்குக் களம். பர்மா ஸ்டார்கூட அசாமிலும் வங்காளத்திலும் இருந்த படையினருக்குக் கிடைத்தது. அதை மட்டும் வைத்து “பர்மாவில் சண்டையிட்டார்” என்று எழுத முடியாது. இவை எதுவும் வீரப்பதக்கமும் அல்ல. பதவியிலும் கவனம்: ஜமேதார் என்பது 1965ல்தான் நாயப் சுபேதார் ஆனது, இரண்டையும் இரு பதவி உயர்வாக எழுதிவிடக் கூடாது. தெளிவு வேண்டுமானால், பதக்க விளிம்பில் உள்ள எண்ணோடு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அந்தந்தப் படையின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக்.

கொரங்காடு

காட்டுக்கும் ஒரு பதிவு வேண்டும். மேய்த்தவரோடு ஒருமுறை சுற்றி நடந்து, ஒவ்வொரு கட்டத்தின் பெயர், படல், தண்ணீர்த்தொட்டி, கொழுக்கட்டைப்புல் அடர்ந்த இடம், நெத்து உதிர்க்கும் வெள்வேல மரங்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்தால் போதும். ஃபிளெக்ஸ் வைக்கும் காசில் வேலிச் சந்துகளை அடைக்கலாம். மழைக்கு முன், கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத முள்கிளுவைப் போத்தை (கிளையை) நான்கடி நீளம் வெட்டி, ஒரு வாரம் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்ததும், மேல்முனையில் சாணி அப்பி, ஓரடி ஆழத்தில் சாணுக்கொன்றாக ஊன்றவும். பச்சையாக ஊன்றித் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகும். துளிர் வந்தாலே வேர் பிடித்துவிட்டது என்று நம்ப வேண்டாம், போத்திலுள்ள பாலிலேயே துளிர்க்கும். அடுத்த மழை வரைக்கும் அந்தச் சந்துகளில் வேலமுள் அடைத்து, ஆட்டை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ளவும்.